பேவ்மென்ட் என்றால் நடைபாதையா, சாலையா?

கேள்வி:
அமெரிக்க ஓட்டுநர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். "பேவ்மென்ட் ஈரமாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள்" என்று வருகிறது. நடைபாதையில் வண்டிக்கு என்ன வேலை? பிரிட்டிஷ் நூல்களில் அது நடைபாதைதானே?

பதில் 1:
அமெரிக்காவில் பேவ்மென்ட் என்றால் தாரோ கான்கிரீட்டோ போட்ட சாலைப் பரப்பு. ஆட்கள் நடப்பது சைட்வாக்கில். உங்கள் வரிக்கு "சாலை ஈரமாக இருந்தால்" போதும்.

ஆனால் நாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிரிட்டனில் பேச்சுவழக்கில் பேவ்மென்ட் நடைபாதைதான். அங்கேயே சாலைப் பொறியாளர் எழுதினால் ஜல்லி, தார் அடுக்குகள் சேர்ந்த சாலைக் கட்டுமானம். சட்டத்தில் இன்னொரு சிக்கல். இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டப்படி, வண்டிச் சாலையை ஒட்டிய நடைபாதை 'ஃபுட்வே'. சாலையை ஒட்டாமல் தனியே போகும் நடைவழிதான் 'ஃபுட்பாத்'. நாமும் ஆஸ்திரேலியர்களும் சாலையோர நடைபாதையையே ஃபுட்பாத் என்கிறோம். ஆகவே எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் புல்தரையிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் வெர்ஜ், ஆஸ்திரேலியாவில் நேச்சர் ஸ்ட்ரிப், சிகாகோவில் பார்க்வே, ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் டெவில் ஸ்ட்ரிப்! நியூசிலாந்தில் பெர்ம், நம் நெடுஞ்சாலைத் துறையினர் பெர்ம் என்பதோ தார் முடிந்து வரும் மண் ஓரத்தை. நம் பெர்மைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் "சாலையோரப் புல்பட்டை" என்றே போடலாம்.

நியூ ஆர்லியன்ஸில் 'நியூட்ரல் கிரவுண்ட்' என்று வந்தால் அது சாலை நடுத்திட்டு. கேனல் தெருவில் டிராம் ஓடுவது அதன்மேல்தான். "நடுநிலை நிலம்" என்று எழுதிவிட்டால் வாசகருக்கு ஒன்றும் புரியாது.

பதில் 3:
தென்னாப்பிரிக்க நூலில் "ரோபோவில் இடப்பக்கம் திரும்பு" என்றிருந்தால் ரோபோ சிக்னல் விளக்கு. நியூசிலாந்தின் ஜடர் பார் நம் வேகத்தடை. மாசசூசெட்ஸில் ரோட்டரி என்றால் ரவுண்டானா.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது இடமும் வலமும். அமெரிக்காவில் வண்டி வலப்பக்கம் ஓடும், ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்றும். நம் ஊரில் வலஞ்சுழி. "சிவப்பு விளக்கில் நின்று, பார்த்து, வலப்பக்கம் திரும்பலாம்" என்ற விதி அங்கே பல இடங்களில் செல்லும். நம் சாலையில் அப்படித் திரும்பினால் குறுக்கே வரும் வண்டிகளின் முன்னால் போய் நிற்போம். திசையை மாற்றி எழுதாதீர்கள். அது அமெரிக்க விதி என்று அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.