தூத்துக்குடியில் இறங்கி அப்படியே திருச்செந்தூர் பஸ் ஏறிவிடாதீர்கள்

இங்கே பலரும் திருச்செந்தூர் அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள், தூத்துக்குடியைப் பற்றி "ரயில் அங்கே வரை போகும்" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். குடும்பத்தோடு போனபோது தூத்துக்குடியிலேயே ரூம் போட்டுத் தங்கி, அங்கிருந்து காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிற மாதிரி சுற்றினோம். அப்படித்தான் போக வேண்டும் என்பேன்.

முதலில் உப்பளம். விடியும் முன்னே போய்விடுங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம்கூட வரவில்லை, அதற்குள் பாத்திகளில் வேலை பாதி நடந்திருந்தது. ஓர் அக்கா நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் உப்பை வரப்புப் பக்கமாக இழுத்துக்கொண்டே, "வெயில் ஏறதுக்கு முன்னால வாரிரணும் தம்பி, அப்புறம் இந்த வெள்ளையில கண்ண தொறக்க முடியாது" என்றார். உப்புத்தண்ணீரிலேயே நின்று நின்று அவர் பாதம் முழுக்க வெடிப்பு. மழைக்காலம் வந்தால் உற்பத்தி நின்றுவிடும், அந்த மாதங்களில் வேலை கிடைப்பதே பாடு என்றும் சொன்னார். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு இந்த ஊருடையது. போட்டோ எடுப்பதென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

பனிமய மாதா கோயில் ஊருக்குள்ளேயே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஆகஸ்ட் 5 திருவிழா சமயத்தில் போனால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

அடுத்த நாள் ஆதிச்சநல்லூர், பழங்கால இடுகாடு. திருநெல்வேலி - திருச்செந்தூர் ரோட்டில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பார்த்த இடம், பிறகு தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ வந்து தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பொருள்கள், இரும்பு ஆயுதங்கள் என்று ஏராளமாக எடுத்தார். 2023-ல் அங்கே தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள்), சில முழுசாக, சில வாய் உடைந்து மண்ணோடு மண்ணாக, புதைத்த இடத்திலேயே கிடக்கின்றன. ஏழு வயசு மகள் மேலே நடக்க மாட்டேன் என்று ஓரத்திலேயே நின்றுவிட்டாள். "உள்ளே இருக்கவங்களுக்கு வலிக்கும்ல?" என்றாள். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "அவங்கல்லாம் நம்ம தாத்தனுக்குத் தாத்தன்மாரு பாப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப் போனார். எத்தனையோ மியூசியம் பார்த்திருக்கிறேன், செத்தவர்களை இவ்வளவு சொந்தமாக நினைத்துப் பேசியவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

நேரம் இருந்தால் கொற்கையும் போகலாம். பாண்டியர் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊராக இருக்கிறது. பார்க்க அதிகம் இல்லை, ஆனால் ஆறு கொண்டுவந்த மண் ஒரு துறைமுகத்தையே மூடிவிட்டது என்பது அங்கே போய் நின்றால்தான் உறைக்கும்.

மணப்பாட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான், முருகனைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் போனால் சரியாக இருக்கும். கடலை ஒட்டிய மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடல் பக்கமாக சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேலே நின்றால் ஒரு பக்கம் அலை அடிக்கும் கடல், இன்னொரு பக்கம் ஆறு வந்து தேங்கி நிற்கும் அமைதியான தண்ணீர். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிப் போனால் நிற்க இடம் இருக்காது, அதனால் மற்ற நாளில் போங்கள்.

ராத்திரி தூத்துக்குடி திரும்பியதும் பரோட்டா. பரோட்டாக் கடையை அந்த ஊரில் 'நைட் கிளப்' என்பார்கள், ஆட்டோக்காரர் அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம், குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம். மக்ரூன் இனிப்பு வாங்குவதைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை மட்டும்தான், காற்றுப் பட்டால் நமத்துவிடும், பையில் அமுங்கினால் தூளாகிவிடும், கையிலேயே வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.