கசானில் சமையலுக்காகப் படித்த ரஷ்யச் சொற்கள்

மருத்துவம் படிக்க ரஷ்யாவின் கசான் நகருக்கு வருகிறவர்கள் பலரும் ஆப்பிள், வாழைப்பழம் என்று ரஷ்யச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அதையெல்லாம் கண்ணால் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது கவ்யாதினா, ஸ்வினினா, கூரித்ஸா. மாடு, பன்றி, கோழி. ஸ்தலோவயா எனப்படும் உணவுக்கூடத்தில் தட்டோடு நகரும்போது பின்னால் வரிசை நிற்கும், நின்று விசாரிக்க முடியாது. இங்கே எங்கும் கிடைக்கும் எச்போச்மாக் என்ற முக்கோணப் பண்டத்திலும் உருளைக்கிழங்கோடு பெரும்பாலும் மாட்டிறைச்சிதான்.

சைவக்காரர்கள் "பெஸ் மியாஸா", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் மட்டும் போதாது. போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலும் எலும்பு வேகவைத்த சாறு இருக்கலாம். "போஸ்னயே" என்று கேளுங்கள். அது நோன்புக்காலச் சமையல். இறைச்சி, பால், முட்டை சேர்க்க மாட்டார்கள். மீனை மட்டும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மொழி வந்தது சந்தையில்தான். த்வரோக், அதாவது பனீர் மாதிரியான பால்கட்டி, விற்கும் அம்மா கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டி "பப்ரோபுய்தே" என்பார், சாப்பிட்டுப் பாருங்கள் என்று. பிடித்திருந்தால் "போல்கிலோ", அரைக் கிலோ. சந்தைக்காரர்கள் பேச்சில் உருளைக்கிழங்கான கர்தோஷ்கா கர்தோஷெச்கா ஆகிவிடும், வெள்ளரிக்காய் அகூர்ச்சிகி ஆகிவிடும். எல்லாம் செல்லப் பெயர்கள். இரண்டு வடிவத்தையும் சேர்த்தே படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தெரிந்த காய்கூடப் புதிதாகக் கேட்கும்.

அப்புறம், நம் சமையலுக்கு வேண்டியவை. மான்கா என்பது ரவை. நம் ரவையைவிட நைஸாக இருக்கும். நன்றாக வறுத்தால்தான் உப்புமா குழையாது. க்ராஸ்னயா செசெவீத்ஸா சிவப்பு மசூர் பருப்பு, சாம்பாருக்குத் தாராளமாகப் போதும். ப்ஷெனோ என்று மஞ்சளாகப் பொட்டலத்தில் இருப்பது நம் பனிவரகு! வெண்பொங்கல் அருமையாக வரும். தயிருக்குப் பலரும் கெஃபிர் வாங்குகிறார்கள், அது மோர் மாதிரி நீர்த்திருக்கும். தயிர்ச் சாதத்துக்கு, உறைந்த தயிர் மாதிரி இருக்கும் ப்ரஸ்தக்வாஷாதான் பொருத்தம் என்பேன்.

கொத்தமல்லிக்கு "கின்ஸா யெஸ்த்?", கொத்தமல்லி இருக்கிறதா, என்று கேளுங்கள். உக்ரோப் என்று தருவது சதகுப்பைக் கீரை. ரஷ்யர்கள் அதைச் சூப்பு, சாலட், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் தூவுவார்கள். ரசத்துக்கு அது ஒத்துவராது. கின்ஸாவைக் கட்டாகத் தருவார்கள், கட்டுக்குப் பெயர் புச்சோக்.