டியாகோ கார்சியா: கொடி பிரிட்டனுடையது, தளம் அமெரிக்காவுடையது, இது எப்படி?

நீரோடி வாசகர்:
வணக்கம். பொழியூருக்கு இந்தப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய நீரோடி எங்கள் ஊர். இங்கிருந்தும் தூத்தூரிலிருந்தும் செல்பவர்கள் கொச்சியில் விசைப்படகு ஏறி, ஆயிரங்கால் தூண்டிலுடன் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள சாகோஸ் தீவுகளின் கடல் எல்லைக்குள் நுழைந்து பிடிபட்ட படகுகளும் உண்டு. என் மச்சான் தம் படகின் ஜிபிஎஸ் திரையில் அந்த எல்லையைச் சிவப்புக் கோடாகக் குறித்து வைத்திருக்கிறார். அத்தீவுகளில் பெரியதான டியாகோ கார்சியாவை அமெரிக்கத் தளம் என்றே நாம் சொல்கிறோம். ஆனால் அங்கே படகைப் பிடிப்பது பிரிட்டிஷ் காவல் கப்பல். அப்படியானால் அந்தத் தீவு யாருடையது?

பொழியூர் ஆசிரியர்:
மொரீஷியஸுக்கு 1968-இல் விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965 நவம்பரில், பிரிட்டன் சாகோஸைத் தனியே பிரித்துத் தன் ஆள்புலமாக்கிக்கொண்டது. 1966 டிசம்பரில் அத்தீவுகளைப் பாதுகாப்புத் தேவைக்குப் பயன்படுத்த அமெரிக்காவுக்கு 50 ஆண்டு இசைவளித்தது. இதற்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக, தன்னிடம் வாங்கிய போலாரிஸ் அணு ஏவுகணைகளுக்காகப் பிரிட்டன் செலுத்த வேண்டியிருந்த ஆராய்ச்சிக் கட்டணத்தில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா சத்தமின்றித் தள்ளுபடி செய்தது. தளம் அமைப்பதற்காக, தலைமுறைகளாகத் தென்னந்தோப்புகளில் கொப்பரை எடுத்து வாழ்ந்த மக்களை 1968 முதல் 1973 வரை அப்புறப்படுத்தினார்கள். இரு நட்பு நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கணக்கில் அந்த மக்கள் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கொல்லங்கோடு வழக்கறிஞர்:
ஆசிரியர் சொன்னது ஏட்டில் உள்ள உரிமை. நடப்பில் அது எவ்வளவு செல்லும் என்பதை நம் மொழி பேசுகிறவர்களே கண்டார்கள். 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிப் படகில் புறப்பட்டுத் தத்தளித்த 89 இலங்கைத் தமிழர்களை மீட்டு டியாகோ கார்சியாவில் இறக்கினார்கள். அவர்கள் வேலியிட்ட கூடார முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய வழக்கைத் தீவிலேயே விசாரிக்க, அந்த ஆள்புலத்தின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஏற்பாடு செய்தது. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நீதிமன்றக் குழுவினர் தன் இராணுவ விமானத்தில் வரவும் தளத்தில் தங்கவும் அளித்திருந்த ஒப்புதலை அமெரிக்கா திரும்பப் பெற்றது. பிரிட்டிஷ் ஆள்புலத்தின் நீதிபதி தம் அதிகார எல்லைக்குள் கால் வைக்கவே இன்னொரு நாட்டின் தயவு வேண்டியிருந்தது. செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உங்கள் கேள்விக்கு இந்த வழக்கைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை: மண்ணின் பெயர் பிரிட்டன், வாசலின் சாவி அமெரிக்கா.

நீரோடி வாசகர்:
மிக்க நன்றி, ஐயா. மொரீஷியஸுக்குத் திருப்பித் தரப்போவதாகக் கேள்விப்பட்டோம். அப்படி நடந்தால் கடல் எல்லை மாறுமா?

கொல்லங்கோடு வழக்கறிஞர்:
பிரிட்டனின் ஆட்சி சட்டப்படி செல்லாது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துரைத்தது. அதன்பின் 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்குச் செல்லும். டியாகோ கார்சியாவைப் பிரிட்டன் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்து, தளத்தைத் தொடர்ந்து நடத்தும். கொடி மாறினாலும் அது இன்னொரு நாட்டின் கடலாகவே இருக்கும். ஆகவே அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்க வேண்டாம் என்று உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள்.