வேர்க்ஃப்ளோவுக்குப் ‘பணிநகர்வு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் படிப்படியாகப் போகும் ஒழுங்கை ஆங்கிலத்தில் வேர்க்ஃப்ளோ (workflow) என்கிறோம். அதற்குப் ‘பணிப்பாய்வு’ தமிழகத்தில் வழக்கூன்றிய சொல், அதையே ஆவண முகாமைத்துவ மென்பொருளிலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இலங்கை நண்பர்கள் ‘பணிப்பாய்ச்சல்’ என்கிறார்கள். கணக்கியலில் காசுப்பாய்ச்சல், கணினிப் பாடத்தில் பாய்ச்சற் கோட்டுப்படம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாக வரும். இரண்டையும் நான் ஏற்காததற்குக் காரணம் ஒன்றுதான்: ஆவணம் பாய்வதில்லை.

திருகோணமலையில் ஒரு காணிக் கோவை (நிலம் பற்றிய கோப்பு) போகும் வழியைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளரின் (தமக்குப் பின் காணிக்கு உரிமை பெறுபவரின்) பெயரைப் பதியக் கேட்டு ஓர் அம்மா பிரதேச செயலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் பதிவேட்டில் ஏறும். காணிப் பிரிவுக்குப் போகும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வரும்வரை கிடக்கும். பிறகு மேலிடத்து ஒப்பத்துக்காக இன்னொரு மேசையில் கிடக்கும். அடுத்த முறை வரும்போது அவர் கேட்பது, “தம்பி, என்ட கோவை இப்ப எங்க நிக்குது?” பதிலும் தயாராக இருக்கும்: “நகர்ந்திட்டுது அம்மா”, இல்லாவிட்டால் “இன்னும் நகரல்ல”. கந்தளாய்க் குளத்து மடையைத் திறந்தால் தண்ணீர் யாரையும் கேட்காமல் பாயும். கோவை ஒவ்வோர் ஒப்பத்துக்கும் நின்று நின்றுதான் போகிறது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ‘நகர்’ என்ற வினையை விட்டுவிட்டு நாம் ஏன் பாய வேண்டும்?

மென்பொருளுக்குள்ளும் இது பொருந்துகிறது. மாயன் ஈடிஎம்எஸ் (Mayan EDMS) என்ற ஆவண முகாமைத்துவ மென்பொருளில் ஆவண வகைக்கு நிலைகளை வரையறுக்கிறோம்: ‘பதிவானது’, ‘அறிக்கைக்குக் காத்திருப்பு’, ‘அங்கீகரிக்கப்பட்டது’. தொடக்க நிலை எது என்று சொல்ல வேண்டும். எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்பதையும், ஒரு நிலைக்குள் நுழையும்போதோ வெளியேறும்போதோ தானாக நடக்க வேண்டியதையும் அமைக்க வேண்டும். அங்கே நிற்பதும் நகர்வதும்தான் கட்டமைப்பே. பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் (Paperless-ngx) என்ற இன்னொரு மென்பொருள் வேறு மாதிரி. அதில் இப்படியான நிலைகள் இல்லை. ஆவணம் சேர்ந்ததும், அல்லது திருத்தப்பட்டதும், உரிய அடையாளத்தை ஒட்டு, உரிமையாளரை மாற்று, மின்னஞ்சல் அனுப்பு என்ற விதிகள் மட்டும். அங்கும் ஆவணம் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு நகர்கிறது.

ஆகவே ‘பணிநகர்வு’. தானாக நடப்பது ‘தன்னியக்கப் பணிநகர்வு’. தமிழக நண்பர்கள் முன்னால் ‘தானியங்கி’ என்று போட்டுக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. ஆவணம் கடந்து வந்த வழியின் வரலாறு ‘நகர்வுப் பதிவு’. “பணிநகர்வு எங்கே நிற்கிறது?” என்று திரையில் எழுதிப் பாருங்கள். செயலகத்தின் மூத்த எழுதுவினைஞருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, விதியைத் தொடக்கிவிடும் நிகழ்வையும் அதனால் நடக்கும் வேலையையும் குறிக்கும் ட்ரிகர், அக்‌ஷன் என்ற இணை. இதில் எனக்கு இன்னும் கூடுதலான பிடிப்பு உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்திருக்கிறோம்: கை சுடுவது தூண்டல், கையை இழுப்பது துலங்கல். ‘ஆவணம் சேர்ந்தது’ என்பது தூண்டல், ‘காணிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போனது’ என்பது துலங்கல். இரண்டும் சேர்ந்தே நடமாடும் சொற்கள், ஒன்றைக் கேட்டால் மற்றது நினைவில் வரும். ‘செயல்’ என்று வைத்தால் செயலி, செயற்பாடு, செயலாக்கம் என்ற கூட்டத்துக்குள் அது காணாமற்போய்விடும்.

துலங்கல் உயிர்களுக்கே உரிய சொல், இயந்திரத்துக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லக்கூடும். தூண்டல் என்ற சொல்லையே காந்தம், மின்னோட்டம் பற்றிய பாடத்திலும் ஆள்கிறோமே, அங்கே உயிர் எது? இருந்தாலும் உயிரியல் கற்பிக்கும் நண்பர்கள் இந்த ஒரு சொல்லைப் பற்றித் தங்கள் கருத்தை எழுதினால், இடைமுகத் தமிழாக்கத்தில் அதையும் பார்த்துவிட்டு ஏற்றுகிறேன்.