புகைபோக்கியில் மீட்டரா, எரிபொருள் கணக்கா?

கப்பலூர்_பாய்லர்: கப்பலூர் பக்கம் நூலுக்குச் சாயம் போடும் ஒரு யூனிட்டில் பாய்லர் பார்க்கிறேன். சரக்கு எடுக்கும் வெளிநாட்டு கம்பெனி, எரிபொருளால் வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறோம் என்று கேட்டிருக்கிறது. முதலாளி புகைபோக்கியில் மீட்டர் மாட்ட விலை விசாரிக்கிறார். அது வீண் செலவு என்பது என் கட்சி. உள்ளே போகிற கார்பன்தானே வெளியே வருகிறது? ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி எண்களை வைத்துப் போட்டால் ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.68 கிலோ, ஒரு டன் ஃபர்னஸ் ஆயிலுக்கு சுமார் 3.1 டன். எரித்த அளவைப் பெருக்கினால் வேலை முடிந்தது.

வைகைக்கரை: முடியவில்லை தம்பி. பில்லில் இருப்பது வாங்கிய கணக்கு, எரித்த கணக்கு இல்லை. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னதே, ஆலைக்காரர் எழுதிக் கொடுக்கும் நோட்டை மட்டும் நம்ப முடியாது என்பதால்தானே? புகைபோக்கிக்கு கையெழுத்துப் போட்டு ஏமாற்றத் தெரியாது.

கப்பலூர்_பாய்லர்: அண்ணே, அந்தக் கருவிகள் தூசு, நைட்ரஜன் ஆக்ஸைடு மாதிரி விஷயங்களுக்கு. அதெல்லாம் எப்படி எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும், அதனால் வாயிலேயே நின்று அளந்துதான் ஆக வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு அப்படியில்லை. இன்னொன்று, எங்களிடம் எரிப்பைச் சோதிக்க வருகிறவர்கள் கையில் கொண்டுவரும் கருவிகளில் பெரும்பாலானவை அளப்பது ஆக்ஸிஜனைத்தான். என்ன எரிபொருள் என்று நாம் பட்டனில் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, அதை வைத்து கார்பன் டை ஆக்ஸைடு சதவீதத்தைக் கருவியே கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. அதுவும் சதவீதம் மட்டும்தான். டன் வேண்டுமென்றால் மணிக்கு எத்தனை கன மீட்டர் புகை போகிறது என்று தெரிய வேண்டும், குழாயின் நடுவில் ஒரு வேகம், சுவரோரம் ஒரு வேகம், புகையை இழுத்துத் தள்ளும் ஐடி ஃபேனின் டாம்பரை, அதாவது தடுப்புத் தகட்டை, கொஞ்சம் திருப்பினால் எல்லாமே மாறும். தப்பு அங்கேதான் அதிகம் வரும்.

வைகைக்கரை: நான் சொல்வது நிரந்தரமாக மாட்டுகிற மீட்டரை, கையில் பிடிக்கிற கருவியை இல்லை. அகச்சிவப்புக் கதிரை வைத்து கார்பன் டை ஆக்ஸைடை நேராகவே அளக்கிற மீட்டர் இருக்கிறது, புகையின் வேகத்துக்குத் தனி சென்சார் இருக்கிறது. சரி, அதை விடு. நீ டீசல் கணக்கையே சொல்லிக் கொண்டிருக்கிறாய். உங்கள் பாய்லரில் போடுவது என்ன?

கப்பலூர்_பாய்லர்: சீமைக் கருவேல விறகு. டீசல் ஜெனரேட்டருக்கு மட்டும்.

மானாமதுரை_விறகு: பாய்லருக்கு விறகு அனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் எண்ணில் பெரிய ஓட்டை ஈரம்தான். வெட்டிச் சில நாளில் லோடு ஏற்றினால் கட்டையின் முனை மூடியே இருக்கும், தட்டினால் மொத்தையாகச் சத்தம் வரும், பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் கிடந்த கட்டைக்கு முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழுந்திருக்கும். இரண்டுமே எடை மேடையில் 10 டன் காட்டும். உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன், எரியும்போது காற்றின் ஆக்ஸிஜனும் அதோடு சேர்வதால் வாயுவின் எடை கூடும். 20 சதவீத ஈரமுள்ள 10 டன் விறகில் சுமார் 14.7 டன் கார்பன் டை ஆக்ஸைடு வரும், 40 சதவீத ஈரமென்றால் 11 டன்தான். ஐப்பசி மழையில் வரும் லோடும் சித்திரையில் வரும் லோடும் ஒரே பெருக்கலில் அடங்காது.

கப்பலூர்_பாய்லர்: ஆனால் விறகின் கார்பன் டை ஆக்ஸைடு மொத்தத்தில் சேராதே. கார்பன் கணக்கு விதிகளில் அதைத் தனியாகத்தான் எழுதச் சொல்கிறார்கள், மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் மட்டும்தான் கூட்டலில் வரும்.

வைகைக்கரை: தனியாக எழுது என்றால் எழுதாதே என்று அர்த்தமா? மரம் திரும்ப வளர்ந்து அந்தக் கார்பனை இழுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்த விதிக்குப் பின்னால் உள்ள நியாயம், அந்த நிலத்துக் கணக்கை வேறு இடத்தில் பார்ப்பார்கள். சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேரோடு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்ட பிறகு ஜேசிபி வைத்துப் பிடுங்கிய காடுகளில் எது திரும்ப வளர்ந்தது? அந்த விறகையும் பூஜ்யம் என்று காட்டினால் அது நேர்மையில்லை.

மானாமதுரை_விறகு: பிடுங்கிய இடத்தில் விவசாயி நெல்லோ மிளகாயோ போடுகிறார். அந்த மரத்தை எரிக்காமல் வரப்பில் போட்டாலும் மக்கி அதே வாயுதான் வரும். பழியை பாய்லர் மேல் மட்டும் போடாதீர்கள்.

வைகைக்கரை: மக்குவதற்கு வருஷக்கணக்கு ஆகும், பாய்லரில் ஒரு ஷிஃப்ட் போதும். அந்த இடைவெளி முழுக்க வாயு மேலேதான் நிற்கும்.

கப்பலூர்_பாய்லர்: சரி, மீட்டர் இல்லாமலே இப்படிச் செய்யப் போகிறேன். டீசலுக்கு டேங்க்கில் டிப் ஸ்டிக் (அளவுக் குச்சி) வைத்து மாத ஆரம்ப இருப்பு, கடைசி இருப்பு. விறகுக்கு லோடுக்கு லோடு சில கட்டையை நடுவில் அறுத்து, அந்தத் தூளை 105 டிகிரி ஓவனில் எடை குறையாத வரை காயவைத்து ஈரம் எடுப்பது. சாம்பலில் எரியாமல் நிற்கும் கரியையும் அவ்வப்போது ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

வைகைக்கரை: அறுக்கிற கட்டையை நீயே பொறுக்காதே. லாரியின் அடியிலிருந்தும் எடு, டிரைவரை நிற்க வைத்து எடு. எடைச் சீட்டோடு ஈரச் சீட்டையும் சேர்த்துப் பின் அடித்து வை. மீட்டர் வேண்டும் என்ற என் பேச்சில் மாற்றமில்லை.