'புட் ஆஃப் இட்' தப்பு, 'லுக் ஆஃப்டர் இட்' சரி. ஏன்?

மஞ்சக்குப்பம்_மாணவி:
பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ஆஃப், அப் மாதிரி சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவது) பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். புட் ஆஃப், கால் ஆஃப், கோ ஆஃப் மூன்றும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. அதோடு தலைப்பில் உள்ள சந்தேகமும். யாராவது விளக்குங்களேன்.

நெல்லித்தோப்பு:
அடுத்த ஞாயிறுக்கு மேட்சைத் தள்ளிவைத்தால் புட் ஆஃப். மேட்சே கிடையாது என்றால் கால் ஆஃப். ஐப்பசி மழைக்கு கலெக்டர் லீவ் விட்டு, பரீட்சை வேறு தேதிக்குப் போனால் அது புட் ஆஃப்தான். அவ்வளவே.

ஆளைக் கவிழ்ப்பது கோ ஆஃப். ஆஃப் என்றதும் நமக்கு ஸ்விட்ச் ஞாபகம் வந்துவிடும். 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்' என்றால் அலாரம் நின்றது என்று எழுதிவிடுவோம். இல்லை, ஐந்து மணிக்கு அடித்தது. குண்டு வெடித்தாலும் வென்ட் ஆஃப், லைட் அணைந்தாலும் வென்ட் ஆஃப். முதுநகர் துறைமுகத்தில் வாங்கிய மீனை ஐஸ் போடாமல் வைத்துக் கெட்டுப்போனாலும், பிரிட்டிஷ்காரர் வாயில் அது வென்ட் ஆஃப்தான். சிரிக்காதீங்க, நம்ம 'போச்சு' மட்டும் என்னவாம்? கரண்ட் போச்சு, பால் கெட்டுப் போச்சு, மானம் போச்சு. எதுவும் நடந்து போகவில்லையே! எது போச்சு என்று பார்த்துதானே பொருள் கொள்கிறோம்? கோ ஆஃப்புக்கும் எழுவாயைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
'இட்' விஷயத்துக்கு வருகிறேன். புட் ஆஃப்பில் 'ஆஃப்' வினையோடு ஒட்டிய சொல். அதனால் 'புட் ஆஃப் தி மேட்ச்', 'புட் தி மேட்ச் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் இட், ஹிம், தெம் மாதிரி குட்டிச் சொல் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'புட் இட் ஆஃப்'. லுக் ஆஃப்டரில் (கவனித்துக்கொள்) 'ஆஃப்டர்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற முன்னிடைச்சொல், அதைப் பின்னால் தள்ள முடியாது. புட் அப் வித் (பொறுத்துக்கொள்), ரன் அவுட் ஆஃப் (தீர்ந்துபோ; இந்த ஆஃப் of, off இல்லை) போன்ற மூன்று சொல் சங்கதியிலும் இட் கடைசியில்தான்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் ஆஃப் மேல் விழும். 'லுக் அட் இட்' என்பதில் லுக் மேல். பின்சொல்லில் அழுத்தம் விழுந்தால் இட் நடுவில், வினையில் விழுந்தால் கடைசியில். பெரும்பாலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

ஒரே ஜோடி இரண்டு வேஷமும் போடும், அங்கே உஷார். குன்று மேல் ஓடி ஏறினால் 'ரன் அப் இட்'. மளிகைக் கடையில் பாக்கியை ஏற்றிவிட்டால் 'ரன் இட் அப்'.

திருப்பாதிரிப்புலியூர்:
பட்டியலில் இருக்காது, ஆனால் நம்ம பக்கம் எல்லோரும் செய்கிற தப்புகள்:

'கோப் அப் வித்' கிடையாது, 'கோப் வித்' (சமாளி) மட்டும். அந்த 'அப்', கீப் அப் வித்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் ஆஃப்' (off), காரிலிருந்து 'கெட் அவுட் ஆஃப்' (of). 'கெட் டவுன்' ஏணிக்கும் மரத்துக்கும் சரி.

படிவத்துக்கு 'ஃபில் இன்' அல்லது 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' பெட்ரோல் டேங்குக்கு.

பயோடேட்டாவில் 'பாஸ்ட் அவுட் இன் 2024' என்று எழுதாதீர்கள். வெளிநாட்டுக்காரர் மயங்கி விழுந்ததாக நினைப்பார். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு மட்டும் அது அங்கேயும் பொருந்தும். 'கிராஜுவேட்டட்' போதும்.

மஞ்சக்குப்பம்_மாணவி:
ரொம்ப நன்றிங்க. இன்னொன்று: 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' சரியா, 'மீட்டிங் யூ'வா?

முத்தியால்பேட்டை:
மீட்டிங் யூ. இந்த 'டு' வினைக்கு முன்னால் வருகிற 'டு' இல்லை தங்கச்சி, முன்னிடைச்சொல். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, அப்போது வினைக்கு ஐஎன்ஜி வேண்டும். 'வான்ட் டு இட்' பொருந்தாது, அதனால் 'வான்ட் டு மீட்'.