இரண்டாம் நாள் மாலைத் தேர்வு எதற்குச் சான்று?

காட்பாடி கணக்கர்:
சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினோம். முதல் நாள் காலை ஒரு தேர்வு, இரண்டாம் நாள் மாலை அதே தேர்வு. மதிப்பெண் இரு மடங்கானது. குழுக்களின் திறன் வளர்ந்ததற்கு வேறு சான்று தேவையில்லை.

குடியாத்தத்துக்காரி:
பன்னிரண்டு வருடமாகக் குழுப் பேரேடு பார்க்கிறவள் சொல்கிறேன் சார், அந்த மதிப்பெண் வீடு போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடும். ஆறு மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கூட்டம் நடந்ததா, சேமிப்பு வந்ததா, சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடன் சுழன்றதா, தவணை திரும்பியதா, கணக்கு அன்றன்றே எழுதப்பட்டதா? வங்கியில் கேட்கும் ஐந்து விதி, பஞ்சசூத்திரம், இதுதானே? இதில் உங்கள் தேர்வு எங்கே வருகிறது?

காட்பாடி கணக்கர்:
பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் கற்றல் இரண்டாவது. அதை அளந்திருக்கிறோம். படித்துவிட்டுப் பேசுங்கள் அம்மா.

குடியாத்தத்துக்காரி:
மூன்றாவது நடத்தை, நான்காவது விளைவு. பாதிப் படியில் நின்றுகொண்டு மொட்டை மாடியைப் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள். ஆறு மாதம் கழித்துப் போனீர்களா, இல்லையா?

ஆம்பூரான்:
தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மக்கள் ஒன்றுகூடி வழக்காடிய அந்தத் திறனை எந்த மதிப்பெண் தாளில் அளப்பீர்கள்?

ராணிப்பேட்டை வாசி:
எல்லாவற்றையும் வேலூர் கணக்கில் எழுதாதீர்கள். 2019இலிருந்து நாங்கள் தனி மாவட்டம். ஆம்பூரும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.

ஆம்பூரான்:
ஆம்பூர் எங்கே இருக்கிறது என்று எனக்கே பாடமா? 1991இல் வழக்குப் போட்டபோது எல்லாம் வட ஆற்காடுதான்.

குடியாத்தத்துக்காரி:
மாவட்டச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒன்றியத்தில் நன்றாகப் பயிற்சி பெற்ற தலைவி ஒருத்தி கல்யாணமாகிச் சித்தூர் பக்கம் போய்விட்டாள். கற்றதும் அவளோடு போயிற்று. குழு பழையபடி வெளியாளுக்குக் கூலி கொடுத்துக் கணக்கு எழுதியது. கற்றது ஆளா, அமைப்பா? பேரேடு சீரானாலும் போதாது. அதே வங்கிக் கிளையில் பயிற்சிக்கு வராத குழுக்களின் பேரேட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கேயும் சீராகியிருந்தால் உங்கள் பயிற்சிக்கு என்ன பெருமை?

காட்பாடி கணக்கர்:
நிதி தருபவர் மார்ச்சுக்குள் அறிக்கை கேட்கிறார். ஆறு மாதம் காத்திருக்கும் செலவை நீங்கள் தருவீர்களா? போன வருடம் பயிற்றுநர் பட்டியலில் பெயர் விடுபட்ட கோபத்தை இங்கே கொட்டாதீர்கள்.

குடியாத்தத்துக்காரி:
கோபம்தான், மறைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனீர்களா?

காட்பாடி கணக்கர்:
மதிப்பெண் இரு மடங்கு. நான் சொன்னதில் மாற்றமில்லை.